சென்னையில் இரண்டு தனியார் பல்கலைக்கழகங்கள்: புதுச்சேரி தலித் மாணவர் முதலில் கேட்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு வட்டாரத்துச் சேரிகளிலும் ஒரு கேள்வி எழுகிறது. சென்னையின் இரண்டு தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்து சேர்க்கை உறுதிக் கடிதம் வந்திருக்கிறது, எதை ஏற்பது? வழக்கமான பதில்கள் தரவரிசை, வளாகம், வேலைவாய்ப்பு முகாம் ஆகியவற்றைச் சுற்றியே வரும். அவை தேவையற்றவை அல்ல. ஆயினும் முதல் தலைமுறையாக உயர்கல்விக்குள் நுழையும் தலித் மாணவருக்கு அவற்றுக்கு முன்பே விடை காண வேண்டிய கேள்விகள் உள்ளன. இந்த நிறுவனம் எந்தச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது? கட்டணத்தை யார் தருவார், எத்தனை ஆண்டுகளுக்குத் தருவார்? சாதியின் பெயரால் இழிவு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது?

பெயர் ஒன்று, சட்டம் இரண்டு

பேச்சுவழக்கில் "தனியார் பல்கலைக்கழகம்" என்று அழைக்கப்படுபவை இரு வகைப்படும். முதல் வகை, 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் மூன்றாம் பிரிவின்படி ஒன்றிய அரசால் அறிவிக்கப்படும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம்., பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சத்தியபாமா ஆகியவை இவ்வகை. இரண்டாம் வகை, மாநிலச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றி உருவாக்கும் பல்கலைக்கழகம். சென்னையின் ஷிவ் நாடார் பல்கலைக்கழகமும் சாய் பல்கலைக்கழகமும் 2018ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியே பிறந்தவை. தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டம் 2019இல் வந்தது.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடன்று. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிப் பொறியியல் கல்லூரிக்குக் கட்டண நிர்ணயக் குழு உச்சவரம்பு விதிக்கிறது. அதன் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் மாநிலக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் இடங்கள் அந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. சொந்த நுழைவுத்தேர்வு, சொந்தக் கட்டணம், சொந்தச் சலுகைகள் என்பதே அங்குள்ள நிலை.

இடஒதுக்கீடு ஏன் அங்கு எட்டவில்லை

பி.ஏ. இனாம்தார் வழக்கில் 2005 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறாத தனியார் நிறுவனங்கள்மீது அரசு தன் இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. அதற்கு எதிர்வினையாக நாடாளுமன்றம் 93ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, அரசமைப்பில் 15(5) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலாக, உதவி பெறாத தனியார் நிறுவனங்களிலும் சட்டத்தின் வழியே இடஒதுக்கீடு வழங்க அது வழிவகுத்தது. 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றும் அறிவித்துவிட்டது.

ஆனால் உட்பிரிவு தானாக இயங்காது. அதைச் செயற்படுத்தச் சட்டம் வேண்டும். ஒன்றிய அரசு 2006இல் இயற்றிய சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கானது. அரசு உதவி பெறாத தனியார் நிறுவனங்களை அது தொடவில்லை. 2025 ஆகஸ்டில் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வழங்கச் சட்டம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. முன்னணித் தனியார் நிறுவனங்களில் பட்டியல் சாதி மாணவர் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்பதையும் அக்குழு சுட்டியது.

திருபுவனை ஒரு தனித்தொகுதி. புதுச்சேரிச் சட்டமன்றத்தின் 30 தேர்ந்தெடுக்கப்படும் இடங்களில் ஐந்து பட்டியல் சாதியினருக்கு உரியவை. சட்டமன்றத்தின் கதவைத் திறந்த அரசமைப்பு, தனியார் பல்கலைக்கழகத்தின் வாயிலில் இன்னும் சட்டத்திற்காகக் காத்து நிற்கிறது. எனவே "இரண்டில் எதில் இடஒதுக்கீடு உண்டு?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "இரண்டிலும் இல்லை" என்பதே விடை. நிறுவனம் தானாக முன்வந்து தரும் கட்டணச் சலுகை கருணையே, உரிமையன்று. அதன் நிபந்தனைகளை எழுத்தில் பெறாமல் நம்பலாகாது.

எல்லையைக் கடக்காத சான்றிதழ்

விழுப்புரம் சாலையில் பயணிப்போர், தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் மாறிமாறி வருவதை அறிவர். பெண் கொடுத்தலும் எடுத்தலும் எல்லை பார்த்து நடப்பதில்லை. சாதிச் சான்றிதழோ எல்லை பார்க்கிறது. புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் 1964ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தனியே அறிவிக்கப்பட்டவை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர் வேறு மாநிலத்திற்குப் பெயர்ந்தால் அங்கு அந்தத் தகுதியைக் கோர முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதன் நடைமுறை விளைவு பெரிது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவரின் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கும் எனத் தமிழ்நாடு அரசு 2012இல் பிறப்பித்த 92ஆம் எண் அரசாணை தலித் இயக்கங்கள் நன்கறிந்தது. அதைச் சென்னை நண்பர் சொல்லக் கேட்டு, தனக்கும் பொருந்தும் என்று புதுச்சேரி மாணவர் எண்ணிவிடக் கூடாது. அவர் படிப்பது சென்னையிலாயினும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியது தம் சொந்தப் பகுதியான புதுச்சேரியின் ஆதிதிராவிடர் நலத்துறையிடமே.

உதவித்தொகை: இரு வாயில்கள்

முதலாவது, போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. 1944 முதல் நடைபெறும் இத்திட்டத்தில் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட நெறிமுறைப்படி, தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாயும், வீட்டிலிருந்து செல்வோருக்கு 7,000 ரூபாயும் கல்விப்படி கிடைக்கும். ஒன்றிய அரசின் பங்கு மாணவர் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேரும். இதில் இரு கண்ணிகள் உள்ளன. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவரின் கட்டணத்தை இத்திட்டம் ஏற்பதில்லை. மேலும், உதவித்தொகை கைக்கு வருமுன் பல்கலைக்கழகம் கட்டணத்தைக் கேட்கும். முன்பணமின்றிச் சேர உதவும் 'ஃப்ரீஷிப் கார்டு' முறைக்கு அந்த நெறிமுறையிலேயே இடமுண்டு. அதை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று சேருமுன் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது, பட்டியல் சாதி மாணவருக்கான 'டாப் கிளாஸ்' உதவித்தொகை. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். தனியார் நிறுவனத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்வரை கட்டணமும், வாழ்க்கைச் செலவுக்கு முதலாண்டில் 86,000 ரூபாயும் அடுத்த ஒவ்வோர் ஆண்டும் 41,000 ரூபாயும் கிடைக்கும். ஆனால் ஒன்றிய அரசு அறிவித்த பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இது உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை வரம்பும் உண்டு. இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்று இப்பட்டியலில் இருந்து மற்றொன்று இல்லையெனில், தரவரிசையில் உள்ள பத்து இட வேறுபாட்டைவிட அதுவே கனமான செய்தி.

நான்காண்டுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். 'அ' பல்கலைக்கழகத்தில் ஆண்டுக் கட்டணம் 3 லட்சம். மதிப்பெண்ணுக்காகப் பாதிச் சலுகை. 'ஆ'வில் 1.8 லட்சம், சலுகை இல்லை, ஆனால் டாப் கிளாஸ் பட்டியலில் உள்ளது. முதலாண்டை மட்டும் பார்த்தால் 1.5 லட்சம் கேட்கும் 'அ' மலிவாகத் தோன்றும். சலுகை நான்காண்டும் நீடித்தால் மொத்தம் 6 லட்சம். குறிப்பிட்ட சராசரியைத் தக்கவைத்தால்தான் சலுகை என்ற நிபந்தனை இருந்து, முதலாண்டிலேயே அது தவறினால் 10.5 லட்சம். 'ஆ'வில் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் முழுதும் நீங்கும், கிடைக்காவிடில் 7.2 லட்சம். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் முதலாண்டில் தடுமாறுவது இயல்பு. ஆகவே குடும்பம் ஒப்பிட வேண்டியது முதலாண்டுக் கட்டணத்தையன்று, நிலைமை மோசமானால் வரக்கூடிய மொத்தத்தொகையை.

விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம், போக்குவரத்து ஆகியவை தனி. இருப்பிடமும் இக்கணக்கில் சேரும். விழுப்புரத்திலிருந்து தாம்பரம் செல்லும் இருப்புப்பாதையிலேயே காட்டாங்குளத்தூர் பகுதி உள்ளது. பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள வளாகங்களுக்கு இறங்கிப் பேருந்து மாற வேண்டும். கல்விக் கடனுக்கு ஒன்றிய அரசின் கடன் உறுதி நிதியின்கீழ் 7.5 லட்சம் ரூபாய்வரை பிணையம் தேவையில்லை. பாட்கோ எனப்படும் புதுச்சேரி ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகத்தையும் அணுகிப் பார்க்கலாம்.

வளாகத்துக்குள் சாதி

பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட சமத்துவ விதிமுறைகள், ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்றன. அவை ஏட்டில் நின்றுவிட்டன என்ற குறையோடுதான் ரோஹித் வெமுலா, பாயல் தத்வி ஆகியோரின் தாய்மார்கள் 2019இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர். அந்த அலுவலரின் பெயர் பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ளதா, அங்கு படிக்கும் தலித் மாணவர்கள் அவரை அறிந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அம்பேத்கர் பெயரில் ஒரு வாசிப்பு வட்டத்திற்கேனும் வளாகத்தில் இடமுண்டா என்பதும் கேட்கத்தக்கதே.

விலக நேர்ந்தால்

மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கையில் விலகினால் கட்டணம் முழுதும் திரும்ப வேண்டும். 5,000 ரூபாய்க்கு மிகாத நடைமுறைக் கழிவு மட்டும் போகும். பின்னர் 90, 80, 50 என்று விழுக்காடு குறைந்து, இறுதி நாள் கடந்து 30 நாளானால் ஒன்றும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. இதை அறியாத குடும்பமே, சென்டாக் கலந்தாய்வில் பிறகு இடம் கிடைத்தும், கட்டிய பணத்துக்கு அஞ்சி அதைக் கைவிடுகிறது.

இரண்டு கடிதங்கள் கையில் இருப்பதால் இரண்டே வழிகள்தான் உள்ளன என்று பொருளாகாது. காலாப்பட்டில் புதுவை மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உள்ளன. அங்கு இடஒதுக்கீடு சட்டப்படியான உரிமை. அவற்றின் சேர்க்கை முடிவு வரும்வரை தனியாருக்கு முழுக்கட்டணம் செலுத்தாதிருப்பதே அறிவுடைமை.

ஊர்தோறும் உள்ள இயக்கத் தோழர்களுக்கு இங்கே இரு பணிகள் காத்திருக்கின்றன. மே, ஜூன் மாதங்களில் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், கட்டணக் கணக்கு ஆகியவற்றுக்கு மாணவர் உதவி முகாம் நடத்துவது உடனடிப் பணி. 15(5)ஐச் செயற்படுத்தும் ஒன்றியச் சட்டத்தைக் கோருவது நெடும்பணி. அச்சட்டம் வரும்வரை, தனியார் பல்கலைக்கழகத் தேர்வு என்பது தலித் குடும்பம் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும் கடனைப் பற்றிய தேர்வாகவே இருக்கும்.