ஊர்வரலாற்றுப் பேச்சுக்கள்: ஆண்டுதோறும் ஓர் ஒழுங்கு

ஒரு நாட்டின் வரலாறு அரசர் பெயர்களாலும் போர்களாலும் மட்டும் ஆவதன்று. குளந் தொட்டவரும், கிணறு வெட்டியவரும், கடலோடியவரும், திண்ணையிலிருந்து ஏடு சொல்லிக் கொடுத்தவரும் ஒருங்கு சேர்ந்து ஆக்கியதே ஊர். அவ்வூரின் வரலாறு பெரும்பாலும் நூல்களில் ஏறுவதில்லை. மூத்தோர் நாவில் வாழ்ந்து, அவரோடு மறைகின்றது. ஆதலின், ஊர்தோறும் வரலாற்றுக் கழகம் ஒன்றை நிறுவி, ஆண்டுதோறும் முறையாகப் பேச்சுக்கள் நடாத்தும் வழக்கம் பல நாடுகளில் நிலவுகின்றது. அம்முறை யாது, அது யாழ்ப்பாணத்து ஊர்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்பவற்றை இம்மலரின் வாயிலாகச் சிறிது விளக்க முற்படுகின்றோம்.

கூடியிருந்து கேட்டுக் கற்றல் நமக்குப் புதியதன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தமது பிரசங்கத்தைத் தொடக்கினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நிகழ்ந்த அப்பிரசங்கங்கள் ஒரு காலத்தின் போக்கையே மாற்றின. குறித்த நாள், குறித்த இடம், குறித்த பொருள் என்னும் ஒழுங்கும் அவற்றின் வலிமைக்கு ஒரு காரணமாம். வரலாற்றுப் பேச்சுக்கும் அவ்வொழுங்கே உயிர்நாடி. ஆண்டுக்கொருமுறை பெருவிழா எடுத்து, மாலையிட்டு, மறந்துவிடுவதால் வரலாறு வளராது.

இனி, நம் வரலாற்றை எழுதினோர் வழியையும் நோக்குவோம். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். கைலாயமாலை முதலிய முன்னூல்களையும் செவிவழிச் செய்திகளையும் அவர் ஆதாரமாகக் கொண்டார். அந்நூல் இலதேல் நாம் இழந்திருக்கும் செய்திகள் மிகப் பல. ஆயினும், 16ஆம் நூற்றாண்டிலே மன்னாரிற் கிறித்தவரைத் தண்டித்த சங்கிலி மன்னனையும், 1619இல் போர்த்துக்கேயரிடம் ஆட்சியை இழந்த சங்கிலி குமாரனையும் அது ஒருவராகவே கூறுகின்றது. பெயரொப்புமை காரணமாக இருவர் ஒருவரானமை செவிவழிச் செய்தியின் இயல்பைக் காட்டுவதாகும். பின்னர், முதலியார் இராசநாயகம் அவர்கள் 1926இல் ஆங்கிலத்திற் 'பண்டைய யாழ்ப்பாணம்' என்னும் நூலையும், சுவாமி ஞானப்பிரகாசர் அவர்கள் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தையும் வெளியிட்டனர். ஒன்றைப் பிறிதொன்றோடு ஒத்துநோக்கி உண்மை காணும் நெறியை அவர்கள் நமக்குக் காட்டிச் சென்றனர். பேணுதல், ஆராய்தல் என்னும் இவ்விரண்டுமே ஊர்வரலாற்றுப் பேச்சின் இரு கண்கள்.

இப்பேச்சுக்களை எவ்வாறு அமைத்தல் வேண்டும்? ஐப்பசி தொடங்கி மார்கழி வரையும் மழைக்காலம். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவும் ஊர்க்கோயில் விழாக்களும் மக்களை ஈர்க்கும். ஆதலின், தை முதல் ஆனி ஈறாக ஆறு மாதங்களில், மாதத்துக்கு ஒன்றாக ஆறு பேச்சுக்கள் அமைத்தல் தகும். பூரணை நாள் பொது விடுமுறையாதலின் அந்நாள் மாலைப்பொழுது யாவர்க்கும் ஏற்றது. கல்லூரி மண்டபம் ஒன்றே போதாது. சனசமூக நிலையம், கடற்கரை மடம், சந்தையடி என மாறி மாறிக் கூடுதல் வேண்டும். மண்டபத்துக்கு வரக் கூசுவோரும் தம் முற்றத்துக்கு வந்த பேச்சைக் கேட்பர்.

தை மாதத்திற் காணிப் பெயர்களைப் பொருளாகக் கொள்ளலாம். நல்லூரிலே சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம், முத்திரைச்சந்தி என வழங்கும் பெயர்கள் பழைய இராசதானியின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் அத்தகைய பெயர்கள் உள. வீட்டுப் பெட்டகத்திலுள்ள பழைய உறுதிகளை எடுத்துப் பார்ப்பின், காணியின் பெயர், எல்லை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை யாவும் எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். நொத்தாரிசு எழுதிய அவ்வரிகள் நிலத்தை மட்டுமன்றி, அயலவர் ஒருவரோடொருவர் கொண்ட உறவையும் கூறுவன.

மாசியில் நீரும் பயிரும் பேசப்படுக. ஆறில்லாத இக்குடாநாட்டில், சுண்ணக்கற் பாறையுள் தங்கும் மழைநீரே நமக்கு ஆதாரம். துலா மிதித்து இறைத்த காலத்தில் ஒரு நாளில் எவ்வளவு நிலம் நனைந்தது, இயந்திரம் வந்தபின் கிணறுகளில் நிகழ்ந்த மாற்றம் யாது என்பவற்றை, இறைத்தவர் வாயாலேயே கேட்டல் நன்று. திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றிய தோட்டக்காரரின் வழித்தோன்றல்கள் இன்றும் உளர்.

பங்குனியிற் கடல். நயினாதீவிலுள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனம் 12ஆம் நூற்றாண்டுக்குரியது. ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகரின் மரக்கலங்கள் உடைந்தால் செய்யத்தகுவன அதிலே விதிக்கப்பட்டுள்ளன: யானை குதிரை கொணர்ந்த கலமாயின் நாலிலொரு பங்கும், பிற சரக்குக் கலமாயின் பாதியும் பண்டாரத்துக்கு உரியன. அக்கடல் மரபு எண்ணூறு ஆண்டுகளின் பின்னரும் அற்றுப்போகவில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னுங் கப்பல் 1938ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பல் கட்டிய தச்சர், பாய் தைத்தோர், வலை பின்னியோர் ஆகியோரின் குடும்பங்களில் எஞ்சியுள்ள சொற்களும் கருவிகளும் பேச்சுக்குரிய பொருளாம்.

சித்திரையிற் பள்ளிக்கூடமும் பிரயாணமும். பாடசாலையின் சேர்வு இடாப்பும் சம்பவத் திரட்டும் எவரும் எண்ணாத வரலாற்று நூல்கள். எவ்வாண்டில் எவ்வூர்ப் பிள்ளைகள் வந்தனர், எத்தொழிலினர் மக்கள், எவ்வகுப்போடு நின்றனர் என்பன அவற்றால் விளங்கும். 1945இல் இலவசக் கல்வி வந்தபின் அவ்விடாப்பின் முகம் எவ்வாறு மாறிற்று என்று ஒரு மாணவன் எண்ணிப் பார்ப்பின், அதுவே சிறந்ததொரு பேச்சாகும். மலாயாவுக்குப் புகையிரத உத்தியோகத்துக்குச் சென்றோரின் கடிதங்களும் இம்மாதத்துக்குரியன.

வைகாசிப் பேச்சு எளிதன்று, ஆயினும் விலக்கத்தக்கதன்று. நம் வரலாற்றிற் பெருமையும் உண்டு, நோவும் உண்டு. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் வாயிலில் நின்றனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். இவற்றுள் தமக்கு உவப்பானவற்றை மட்டும் தெரிந்து பேசுங் கழகம் வரலாற்றுக் கழகமாகாது. அது புகழ்ச்சிக் கழகமாம். வாயிலின் வெளியே நின்றவரையும், வெளியேற்றப்பட்டவரையும் மேடைக்கு அழைத்து அவர்தம் சொல்லிலேயே கேட்டல் வேண்டும். சைவத்தையும் தமிழையும் வளர்க்க எழுந்த ஒரு கல்லூரிக்கு உண்மையைக் கேட்கும் பொறுமை அணியேயன்றி இழுக்கன்று.

ஆனியில் மாணவரே பேசுக. ஐந்து மாதங்கள் கேட்டவற்றைக் கொண்டு, தத்தம் வீட்டு முதியோரை வினவி, ஆளுக்கொரு சிறு கட்டுரை எழுதி அவை முன் வாசிப்பாராக. மூத்தோர் கேட்டுத் திருத்துக.

வினவுதலுக்கும் ஒரு முறை உண்டு. முதியோர் ஆண்டுகளை நினைவில் வைப்பதில்லை. நிகழ்ச்சிகளையே நினைவில் வைப்பர். ஆதலின் 'எந்த ஆண்டு?' என்று வினவுதலினும், 'புயலுக்கு முன்னோ, பின்னோ?' என்று வினவுதல் நலம். 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் வீசிய பெரும்புயல், 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தமை, 1990இல் யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றமை என்பன அனைவரும் அறிந்த அடையாளக் கற்கள். இவற்றின் இடையே ஒருவரது பிள்ளைப்பேற்றையோ, கிணறு வெட்டியமையையோ, திருமணத்தையோ வைத்துப் பார்ப்பின் ஆண்டு தானே வெளிப்படும். கண்டது, கேட்டது, ஊகித்தது என்னும் மூன்றனையும் வேறு வேறாகக் குறித்தல் வேண்டும். பாட்டனார் சொல்லக் கேட்டதைப் பேரன் தான் கண்டதாகக் கூறும்பொழுதே இரு சங்கிலிகள் ஒருவராகின்றனர்.

பேச்சு நாற்பது நிமிடங்களுக்கு மிகலாகாது. அதற்குச் சமமான நேரத்தை அவையோர்க்கு விடுதல் வேண்டும். மேடையிலுள்ளவர் அறியாததை மூன்றாம் வரிசையிலிருக்கும் மூதாட்டி அறிந்திருப்பார். பெண்களின் நினைவு நம் எழுத்துக்களிற் பெரிதும் இடம்பெறவில்லை. சமையல், மருந்து, சீட்டு, சீதனம், இடம்பெயர்வு ஆகியவற்றை அவர்களினும் நன்கு அறிந்தார் யார்? எழுத வல்ல மாணவர் இருவர் குறிப்பெடுக்க, ஒருவர் ஒலிப்பதிவு செய்க. பேசியவரின் சம்மதம் பெறாது எதனையும் வெளியிடலாகாது.

இறுதியாக, பாதுகாத்தல். 1981ஆம் ஆண்டு மே 31ஆந் தேதி இரவு தீயிடப்பட்ட பொதுநூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பிறிதோரிடத்திற் படியில்லாதவை என்றென்றைக்குமாக அழிந்தன. அத்தீயினின்று நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றே: ஒரே இடத்தில் ஒரே படியை வைத்தல் பாதுகாப்பாகாது. ஒவ்வொரு பேச்சும் எழுத்துருவாகக் கல்லூரி நூலகத்தில் ஒன்று, ஊர் நூல்நிலையத்தில் ஒன்று, மின்னூலகத்தில் ஒன்று என மூன்று படிகளாக வைக்கப்படுக. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துக்களை மின்வடிவிற் பேணிவருதல் யாவரும் அறிந்ததே. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பொருளுதவி மட்டும் செய்தல் போதாது. தம்மோடு கொண்டுசென்ற கடிதங்களையும் நிழற்படங்களையும் படியெடுத்து அனுப்புவாராயின் அதுவே பேருதவியாகும்.

இத்தொண்டுக்குப் பெரும் பொருள் வேண்டுவதன்று. ஒரு மண்டபம், ஒரு விளக்கு, சில நாற்காலிகள், உண்மையை நாடும் உள்ளம் என்பனவே வேண்டுவன. காலந் தாழ்த்தலே இதற்குப் பகை. துலா மிதித்தவரும் பாய்க்கப்பல் ஓடியவரும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். அவர் வாய் மூடியபின் நாம் எத்துணை மண்டபங்கள் கட்டினும் பயனில்லை. ஆதலின், வருகின்ற தைப் பூரணையிலேயே முதற் பேச்சை அமைக்குமாறு பழைய மாணவர், ஆசிரியர், மாணவர் யாவரையும் அன்புடன் வேண்டுகின்றோம். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் இம்முயற்சிக்குத் துணைநிற்பதாக.