தெறித்து விழுந்த இரண்டு மில்லிமீட்டர்

'டிக்' என்று ஒரு சத்தம். சாமணத்தின் நுனியில் இருந்த துண்டைக் காணோம்.

1:72 அளவில் மிக்-21 போர் விமானத்தின் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அசல் விமானத்தில் 72 சென்டிமீட்டர் இருப்பது இதில் ஒரே ஒரு சென்டிமீட்டர். விமானத்தின் மூக்கருகே, காற்று எந்தக் கோணத்தில் வந்து மோதுகிறது என்று அளப்பதற்குச் சிறு தகடு ஒன்று உண்டு. மாதிரியில் அதன் நீளம் 2 மில்லிமீட்டர், அகலம் 1, தடிமன் அரை. ஒரு நொய்யரிசி அளவு. நிறம் சாம்பல். விழுந்த தரையோ மொசைக். வெள்ளை, கறுப்பு, பழுப்பு, சாம்பல் என்று ஆயிரக்கணக்கான சில்லுகள் பதித்து மெருகேற்றிய தரை. அழுக்குத் தெரியாது என்பதற்காகவே ஒரு காலத்தில் நம் வீடுகளில் விரும்பிப் போட்டார்கள். அழுக்கை மறைக்கும் தரை இந்தத் தகட்டையும் மறைத்துக்கொண்டது.

மாதிரி கட்டுகிறவர்களுக்கு இது அன்றாடம். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவருக்கும், கல் பதிக்கும் நகைத் தொழிலாளிக்கும், செல்போன் திருகாணியோடு மல்லுக்கட்டுபவருக்கும் அப்படியே. குனிந்து, தவழ்ந்து, அலுத்து, கடைசியில் விளக்குமாற்றை எடுப்போம். ஆனால் தொலைந்த பொருளைத் தேடுவதற்கென்றே ஓர் அறிவியல் இருக்கிறது. அணுகுண்டையும் ஆழ்கடலில் மூழ்கிய விமானத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்த அறிவியல். அது இந்த 2 மில்லிமீட்டருக்கும் செல்லும்.

முதலில், அது ஏன் தெறிக்கிறது? சீதாப்பழம் சாப்பிடும்போது வழவழப்பான விதையை இரு விரல்களுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். விதை விருட்டென்று பாயும். சாமணத்தின் இரண்டு கால்களும் நுனியில் ஒன்றுக்கொன்று முற்றிலும் இணையாக இருப்பதில்லை. ஆப்பு வடிவில் லேசாக விரிந்திருக்கும். நாம் அழுத்தும்போது அந்த ஆப்பு துண்டை வெளியே தள்ளப் பார்க்கிறது. உராய்வு இழுத்துப் பிடித்திருக்கும் வரை சரி. 'நழுவுகிறதே' என்று பயந்து இன்னும் அழுத்துகிறோம் பாருங்கள், அங்கேதான் தவறு. வளைந்த எஃகில் சேர்ந்திருந்த விசை முழுவதும் ஒரு மில்லிகிராம் எடையுள்ள பொருள் மேல் இறங்குகிறது. துண்டுகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒன்றை வெட்டி எடுக்கும்போதும் இதே கதைதான். வளைந்திருந்த சட்டம் வெட்டுப்பட்ட நொடியில் வில்லாக நிமிர்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர். அங்கிருந்து தரையைத் தொட ஒரு பொருளுக்கு 0.4 விநாடி போதும். துண்டு விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் தெறித்தது என்று வைத்துக்கொண்டால், காற்றின் தடையைக் கழித்த பிறகும் அது முதலில் தரையைத் தொடும் இடம் ஒரு மீட்டரை நெருங்கும். அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பந்து என்றால் வந்த கோணத்துக்கு ஏற்ப எழும்பும். மூலையும் விளிம்புமாக இருக்கும் துண்டு எந்த மூலையில் மோதுகிறதோ அதைப் பொறுத்துத் திசை மாறும், சுழலும், சுழற்சியால் மறுபடி திசை மாறும்.

ஆகவே சத்தம் கேட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அசையாமல் இருப்பது. ஒலி ஒரு காதை அடைந்து மற்றக் காதை அடைவதற்குள் இருக்கும் இடைவெளி அதிகபட்சம் ஒரு மில்லிவிநாடிகூட இல்லை. மூளை அதை அளந்து திசை சொல்லிவிடுகிறது. நேர் முன்னாலிருந்து வரும் ஒலியென்றால் ஓரிரு பாகைத் துல்லியத்தில் சொல்லும். நாற்காலியைப் பின்னால் தள்ளும் அந்தச் சத்தத்தில் இரண்டாவது 'டிக்' கேட்காமல் போய்விடும். துண்டு நாற்காலிச் சக்கரத்தின் கீழே போனாலும் போகும்.

சத்தமே கேட்காவிட்டால் மடியைப் பாருங்கள். துண்டு பாலிஸ்டைரீனால் ஆனது; அது எளிதில் நிலைமின்னூட்டம் ஏற்கும் பிளாஸ்டிக். சட்டைக் கையிலோ லுங்கி மடிப்பிலோ ஒட்டிக்கொண்டு, எழுந்து நடந்த பிறகு அடுத்த அறையில் விழும். எழுவதற்கு முன் துணியை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட வேண்டும்.

இனி தரை. 'கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை' என்று நொந்துகொள்கிறோம். கண் நாம் நினைப்பதுபோல் அறை முழுவதையும் கூர்மையாகப் பார்ப்பதே இல்லை. விழித்திரையின் நடுவில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் குழிவு, வெளியுலகில் சுமார் 2 பாகை அகலத்தைத்தான் பிடிக்கிறது. நின்றபடி 160 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், அது தரையில் ஐந்தரை சென்டிமீட்டர் வட்டம். 10-க்கு 10 அடி அறையை அந்த வட்டத்தால் நிரப்ப சுமார் 3,800 முறை பார்வையை நிறுத்த வேண்டும். கண் ஒரு விநாடியில் மூன்று இடங்களில் நின்று பார்க்கும். ஆக, ஓர் இடத்தைக்கூட இரண்டாவது முறை பார்க்காமல் ஒழுங்காகத் தேடினாலே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். யாரும் அப்படித் தேடுவதில்லை. இரண்டு நிமிடம் கண்ணை அலைய விட்டுவிட்டு, 'அறை முழுக்கப் பார்த்தாயிற்று' என்கிறோம்.

மனமும் சேர்ந்து ஏமாற்றுகிறது. 2005-இல் ஜெரமி உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும், பயணப் பெட்டிகளில் ஆயுதம் தேடுவது போன்ற ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் படங்களில் தேடும் பொருள் இருந்தபோது, மக்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது அது 30 சதவீதமாக எகிறியது. அரிதாகக் கிடைப்பதைத் தேடும்போது மனம் சீக்கிரமே 'இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறது. மொசைக்கின் ஒவ்வொரு சதுர அடியிலும் நாம் காண்பது 'இல்லை'தான். அலுப்பு வருவதில் வியப்பில்லை.

இதற்கு வழி, 1980-இல் ஆன் ட்ரீஸ்மனும் கேரி கெலேடும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் இருக்கிறது. பச்சைப் புள்ளிகளின் நடுவே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால், எத்தனை பச்சை இருந்தாலும் அது தானாகக் கண்ணில் பாயும். பல குணங்களைச் சேர்த்துப் பார்த்து அடையாளம் காண வேண்டியிருந்தால், ஒவ்வொன்றாகத்தான் தேடியாக வேண்டும். சாம்பல் சில்லுகளின் நடுவே சாம்பல் தகடு என்பது இரண்டாவது வகை. அதை முதல் வகையாக மாற்றிவிட முடியுமா?

முடியும். மொசைக்கில் வண்ணம் ஆயிரம் இருக்கலாம். மேடு பள்ளம் கிடையாது. மெருகேற்றிய தரை அது. தகட்டுக்கோ அரை மில்லிமீட்டர் உயரம் இருக்கிறது. ஆகவே கூரை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகக் கிடத்துங்கள். ஒளி 5 பாகைச் சாய்வில் வந்தால் அரை மில்லிமீட்டர் உயரம் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நிழலை நீட்டும். 2 பாகையில் 14 மில்லிமீட்டர். நொய்யரிசி தெரியாத இடத்தில் தீக்குச்சியின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு தெரியும். சில்லுகளுக்கு நிழல் இல்லை. குற்றம் நடந்த இடத்தில் காலடித் தடத்தைத் தேடும் தடயவியல் நிபுணர்களும் இப்படித்தான் விளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடிக்கிறார்கள். அப்படிச் செய்தவுடன் ஒன்று புரியும்: நாம் கூட்டிப் பெருக்கியதாக நினைத்த தரையில் எவ்வளவு இருக்கிறது என்று. ஒவ்வொரு தூசிக்கும் நிழல் விழும். ஆனாலும் 3,800 இடங்கள் முப்பது, நாற்பதாகக் குறைந்துவிடும்.

பொருளிடம் இருக்கும், தரையிடம் இல்லாத ஒரு குணத்தைப் பிடிப்பதுதான் தேடலின் உயிர். 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கக் கருவி ஒன்றை லாரியில் கொண்டுபோகும்போது, சீசியம்-137 கதிரியக்கப் பொருள் அடங்கிய குப்பி ஒன்று வழியில் விழுந்துவிட்டது. 8 மில்லிமீட்டர் உயரம், 6 மில்லிமீட்டர் அகலம். ஒரு வேர்க்கடலையைவிடச் சிறியது. லாரி போன பாதை 1,400 கிலோமீட்டர். கண்ணால் தேடினால் ஆயுள் போதாது. கதிர்வீச்சை உணரும் கருவியை வண்டியில் பொருத்திக்கொண்டு அதே சாலையில் ஓட்டினார்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டியில் கருவி சத்தமிட்டது. சாலையிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி, சரளையில் கிடந்தது குப்பி.

நம் துண்டுக்குக் கதிர்வீச்சு இல்லை. எஃகு என்றால் காந்தம் போதும். மாதிரிகளில் வரும் மெல்லிய பித்தளைத் தகடுகளிடம் காந்தம் செல்லாது. பிளாஸ்டிக்குக்கு இருக்கும் குணம் அடர்த்தி. பாலிஸ்டைரீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம்: கன சென்டிமீட்டருக்கு 1.05 கிராம். மணலுக்கு 2.65. விதைநெல் தேர்வு செய்யும் நம் விவசாயிகள், தண்ணீரில் முட்டை மிதக்கும் வரை உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டிப் பதரை நீக்குவார்கள். முட்டை மிதக்கும் அந்தக் கரைசலில் பாலிஸ்டைரீனும் மிதக்கும், மண் அடியில் தங்கும். கூட்டி எடுத்த குப்பையைக் கொட்டிவிடாமல் இந்தக் கரைசலில் போட்டு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கலக்கிப் பாருங்கள். நகைப் பட்டறைகளின் தூசியையும், பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணையும் அரித்துத் தங்கம் எடுப்பவர்கள் நம்பியிருப்பதும் அடர்த்தியைத்தான். தங்கம் 19.3, மண் ஓடும், தங்கம் தங்கும்.

அடுத்த கேள்வி, எங்கே தேடுவது. 1966 ஜனவரியில் ஸ்பெயினின் பாலொமாரெஸ் கிராமத்துக்கு மேலே இரண்டு அமெரிக்க ராணுவ விமானங்கள் மோதின. அவற்றில் இருந்த நான்கு ஹைட்ரஜன் குண்டுகளில் மூன்று நிலத்தில் விழுந்தன. நான்காவதைக் காணோம். பாராசூட் ஒன்று கடலில் விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஃபிரான்சிஸ்கோ சிமோ என்ற மீனவர் சொன்னார். அவர் காட்டிய திசைக்கு அதிக வாய்ப்பு, மற்ற இடங்களுக்குக் குறைவான வாய்ப்பு என்று கடலைக் கட்டங்களாகப் பிரித்து எடை போட்டுத் தேடினார்கள். மார்ச் மாதம் 'ஆல்வின்' என்ற நீர்மூழ்கி அந்தக் குண்டைக் கண்டது.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. துண்டு மேசைக்கடியில் இருக்க 60 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒருமுறை தேடினால், இருக்கும் பொருள் கண்ணில் படுவதற்குப் பாதிதான் வாய்ப்பு. தேடினோம், கிடைக்கவில்லை. மேசையடி இப்போது பூஜ்யம் ஆகிவிட்டதா? இல்லை. கணக்குப் போட்டால் இன்னும் 43 சதவீதம். 'பார்த்துவிட்டோம்' என்பது 'இல்லை' என்பதற்குச் சமம் ஆகாது. எவ்வளவு நன்றாகப் பார்த்தோம் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

2009 ஜூன் 1-ஆம் தேதி 228 பேருடன் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் ஃபிரான்ஸ் 447 விமானத்தின் தேடலில் நடந்தது இதுதான். கறுப்புப் பெட்டிகளின் ஒலி சமிக்ஞை கேட்கிறதா என்று, கடைசியாக விமானம் இருந்த இடத்தைச் சுற்றிக் கப்பல்கள் தேடின. கேட்கவில்லை. ஆகவே அங்கே இல்லை என்று ஒதுக்கிவிட்டு, வேறு இடங்களில் தேடினார்கள். பின்னர் மெட்ரான் நிறுவனத்தின் கணிதவியலாளர்கள், ஒலி எழுப்பும் கருவிகள் இரண்டும் பழுதாகியிருந்தால் என்ன என்று கேட்டுக் கணக்கை மறுபடி போட்டார்கள். கைவிட்ட அந்த இடமே மீண்டும் முன்னால் வந்து நின்றது. 2011-இல் அங்கே தேடத் தொடங்கிச் சில நாட்களிலேயே, ஏப்ரல் 3-ஆம் தேதி, 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான்.

என் தகட்டுக்கு மீனவர் சாட்சி இல்லை, காதின் சாட்சிதான். இடப்பக்கம் ஒரு 'டிக்'. அதனால் ஒரு பழைய தந்திரத்தைச் செய்தேன். மீந்த பிளாஸ்டிக் சட்டத்தில் அதே அளவுக்கு ஐந்து துண்டுகள் வெட்டி, சிவப்பு வண்ணம் பூசி, அதே நாற்காலியில் அதே சாமணத்தால் ஒவ்வொன்றாகத் தெறிக்க விட்டேன். எந்த ஒன்றும் தகடு போன இடத்துக்கே போகும் என்று நம்ப முடியாது. ஐந்தும் சேர்ந்து ஒரு வட்டாரத்தைக் காட்டும். மூன்று, மேசையின் இடது காலுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே போய் நின்றன. அந்த இடத்தை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருந்தேன், நின்றபடி.

விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சை அலமாரியின் அடிப்பலகையோடு ஒட்டிக் கிடத்தி, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். தலைமுடி ஒன்று, என் சிவப்புத் துண்டுகளின் நிழல்கள் மூன்று, ஒரு சர்க்கரைத் துகள். அலமாரிக் காலுக்கு ஒரு சாண் முன்னால், விளிம்பு நேராக இன்னொரு நிழல். தூசிக்கு நேர் விளிம்பு இருக்காது. ஈரமாக்கிய விரல் நுனியால் தொட்டு எடுத்தேன்.

இப்போது ஒரு பழைய வேட்டியின் ஓர் ஓரத்தை மேசை விளிம்பில் பொருத்தி, மறு ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் உட்காருகிறேன். நகைத் தொழிலாளிகள் மடிமேல் தோல் விரிப்பதும் இதற்காகத்தான். துண்டு வெட்டும்போது கையையும் சட்டத்தையும் உள்ளிருப்பது தெரியும் பாலிதீன் பைக்குள் விட்டு வெட்டுகிறேன். நீங்களும் நுண்பொருள் கையாளுகிறவர் என்றால் இந்த இரண்டையும் இன்றே செய்யுங்கள். அதையும் மீறித் தொலைந்தால் விளக்குமாற்றை எடுக்காதீர்கள்; விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையில் வையுங்கள்.