18 வயதுக்குப் பிறகு கையெழுத்து யாருடையது?

“அவனுக்கென்னங்க, அண்ணங்காரன் பாத்துக்குவான்.” அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை வைத்திருக்கும் வீடுகளில், சோமனூர்ப் பக்கம் பேச்சு எங்கே தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. தறிப்பட்டறை அப்பா பேரில், வீடு அப்பா பேரில், ஈ.பி. இணைப்பும் அப்பா பேரில். அப்பாவுக்கு எழுபது தாண்டியாயிற்று. எதிலும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

அவர் கண்ணை மூடியதும் நடப்பது அநேகமாக ஒரே மாதிரிதான். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். அந்த இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டும், பட்டா மாற்ற வேண்டும். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றில் அந்தப் பிள்ளையின் பெயரும் வருகிறது. உடனே யாராவது ஒருவர் வழி சொல்வார்: “ஒரு விடுதலைப் பத்திரம் போட்டு, கைநாட்டு வாங்கிட்டா முடிஞ்சுதுங்க.”

முடியாது. தான் எழுதிக் கொடுப்பது என்ன, அதனால் தனக்கு வரவா போக்கா என்று புரிந்து முடிவெடுக்க இயலாதவர் செய்த ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. சார்பதிவாளர் பதிவு செய்து எண் போட்டுவிட்டார் என்பதால் அது செல்லுபடியாகிவிடாது. பத்து வருஷம் கழித்துப் பட்டறையை விற்கவோ, அடமானம் வைக்கவோ போகும்போது பாங்க் வக்கீல் அந்த ஓட்டையில் விரலை விடுவார். நோய், ஊனம் என்று எதைக் காட்டியும் ஒருவரின் வாரிசுரிமையை மறுக்க முடியாது என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில் நேராகவே சொல்கிறது. “சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு” என்று பெண்பிள்ளைகளை விட்டுவிட்டுப் பத்திரம் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். பிள்ளைக்கு 18 முடிந்த அன்றே, அப்பா அம்மா என்ற முறையில் இருந்த இயற்கைப் பாதுகாவலர் உரிமை போய்விடுகிறது. அதன்பின் சட்டத்தின் கண்ணில் அவன் ஒரு வளர்ந்த மனிதன். அவன் பெயரில் உள்ள கணக்கிலோ நிலத்திலோ நீங்கள் அவனுக்காகக் கையெழுத்திட உங்களுக்குத் தனியாக ஒரு சான்று வேண்டும். இதைத் தெரியாமல் முப்பது வயதுப் பிள்ளைக்காக நோட்டரி முன் எழுதிய உறுதிமொழியையும், வி.ஏ.ஓ. முத்திரை வைத்த கடிதத்தையும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். நோட்டரி தாள் பாதுகாவலர் சான்று ஆகாது. வி.ஏ.ஓ. கடிதமும் ஆகாது.

ஆகிற தாள் ஒன்று இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு உள்ளூர் நிலைக் குழு உண்டு. ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் அதில் இருப்பார்கள். அந்தக் குழுதான் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கிறது. கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. சோமனூர், கருமத்தம்பட்டிக்காரர்கள் கோவையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். நாலு எட்டில் பல்லடம், மங்கலம் பக்கம் குடியிருந்தால் திருப்பூர். பட்டறை இந்தப் பக்கம் இருக்கிறதே என்று கோவைக்கு வந்து திரும்பாதீர்கள், பிள்ளை வசிக்கும் மாவட்டமே கணக்கு.

மனு ‘ஏ’ படிவத்தில். அதோடு பிள்ளையின் தனித்துவ அடையாள அட்டை அல்லது ஊனச் சான்று, வயதுச் சான்று, பிள்ளை, பாதுகாவலராகப் போகிறவர் இருவரின் ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், பிள்ளை பெயரில் சொத்தோ பணமோ இருந்தால் அதன் விவரம். அப்பா அம்மா இருவரும் உயிரோடு இருந்தால் இருவரும் கையெழுத்திடுங்கள். “அடுத்த கூட்டத்துல பாக்கலாம்” என்று அலுவலகத்தில் சொன்னால், எந்தத் தேதிக் கூட்டம் என்று கேளுங்கள். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனுவின் நகலில் ஒப்புகை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். ஒப்புகை இல்லாத மனு, கொடுக்காத மனு.

சான்று வந்த பிறகும் வேலை இருக்கிறது. நியமனமான 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைத் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். இதை யாரும் செய்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. பங்காளி ஒருவர் புகார் கொடுக்கும் நாளில்தான் கேட்பார்கள். பாங்க் மேலாளர் “இந்தச் சான்று எங்களுக்குத் தெரியாதே” என்றால், இந்தக் குழு தரும் சான்றை ஏற்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2007 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது என்று சொல்லுங்கள். பிள்ளையின் பங்கை விற்பது வேறு விஷயம். அதற்கு நீதிமன்ற அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இந்தக் குழு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கு மட்டும். மற்றவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 14ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றம் வரம்புள்ள பாதுகாவலரை நியமிக்கலாம். காது கேளாத தங்கைக்கும் கண் தெரியாத தம்பிக்கும் பாதுகாவலர் கேட்டு வருகிறார்கள். வேண்டாம். அவர்கள் கையெழுத்து அவர்களுடையது.

இன்னொன்று. அப்பா வாங்கிய சான்று அப்பாவோடு முடிந்தது. அண்ணனுக்குத் தானாக இறங்காது. அண்ணன் புதிதாக மனுப்போட வேண்டும்.

சொத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் வழக்கமாகச் செய்வது, மூத்தவன் பேரில் எல்லாவற்றையும் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது. வாயால் சொன்னதற்குப் பத்திரத்தில் இடமில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனை போட்டு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் சற்றுத் தாராளமாகச் சொன்னது. தாராளத்தை நம்பாதீர்கள், நிபந்தனையை எழுதுங்கள். ஆனால் இது உங்களுக்கான பாதுகாப்புதான். நீங்கள் போன பிறகு, உங்கள் பிள்ளைக்காக யாரும் அந்தத் தீர்ப்பாயத்தில் போய் நிற்க முடியாது.

ஆகவே உயில். 2 சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சூலூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். உங்களைவிட வயது குறைந்தவர்களைச் சாட்சியாகப் பிடியுங்கள், நாளை கோர்ட்டில் ஒருவராவது வந்து நிற்க வேண்டும். பங்கு பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. வயதாகிவிட்டது என்றால் அன்றைய தேதியில் டாக்டர் சான்று ஒன்று வாங்கிச் சேர்த்து வையுங்கள். பிள்ளையின் பராமரிப்புச் செலவை, பட்டறை வாடகையிலிருந்து மாதம் இவ்வளவு என்று சொத்தின் மேலேயே பொறுப்பாக ஏற்றி எழுதச் சொல்லுங்கள். ‘அண்ணன் அன்போடு பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று மட்டும் எழுதிய உயில்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நீதிபதியும் அன்பை அளந்து கொடுக்க முடியாது. சொத்து பெரிதாக இருந்தால் 1882ஆம் ஆண்டின் சட்டப்படி தனியார் அறக்கட்டளை ஒன்று பதிவு செய்து, குடும்பத்துக்கு வெளியே ஒருவரையும் அறங்காவலராக வைக்கலாம். நாமினி போட்டாயிற்றே என்பவர்களுக்கு: நாமினி பணத்தை வாங்கும் ஆள்தான், உடைமையாளர் அல்ல. உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் பங்குச் சந்தை முதலீட்டுக்கும் இதையே சொல்லிவிட்டது.

பவர் பத்திரத்தை நம்பி உட்கார்ந்திருக்கும் வயசாளிகளும் கவனியுங்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தி மாறாட்டம் ஆனதும் ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி அந்தப் பவர் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக எழுதினீர்களோ, அந்த நாளில் அது வேலை செய்யாது. பிறகு உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கும். நினைவிழந்து கிடந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க ஒரு மனைவி அப்படித்தான் 2024இல் சென்னையில் உத்தரவு பெற்றார்.

மில்லில் பி.எஃப். பிடித்து வேலை செய்தவர்கள் இதை மட்டும் தனியாக வெட்டி வையுங்கள். 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில், முழுமையான நிரந்தர ஊனமுள்ள மகனோ மகளோ இருந்தால், வயது வரம்பில்லாமல் ஆயுள் முழுக்க அவர்களுக்கு மாத ஓய்வூதியம் உண்டு. அரசு ஊழியர்களின் குடும்ப ஓய்வூதியத்திலும் இதற்கு வழி இருக்கிறது. இரண்டிலும் பிள்ளையின் பெயரையும் ஊனத்தையும் உயிரோடு இருக்கும்போதே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பின்னால் வாரிசுகள் அலைந்து நிரூபிப்பது பெரும்பாடு.

வக்கீல் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவானாலும் சட்ட உதவி இலவசம். கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசியில் 15100. போகும்போது வாரிசுகளின் பெயர்ப்பட்டியல், மூலப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, ஊனச் சான்று ஆகிய நான்கையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.