மோடமும் முடங்கும் கணினியும்

வீட்டுக் கணினி ஒன்று வேலை நடுவிலே திடீரென அசைவற்று நிற்பது இக்காலத்திலே பெரும்பாலார் அறிந்த ஓர் இடராகும். சுட்டியை எவ்வளவு அசைத்தாலும் திரையிலே அம்பு நகராது. விசையை அழுத்தினால் எழுத்துத் தோன்றாது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே இலங்கைப் பாடசாலைகள் நோய்த்தொற்றின் காரணமாக மூடப்பட்டு, பாடங்கள் இணையத்தின் வாயிலாக வீடுகளுக்குச் செல்லத் தொடங்கிய பின்னர் இவ்விடர் புதியதொரு கனத்தைப் பெற்றது. அதுவரை பொழுதுபோக்குக்கு நேர்ந்த தடையாயிருந்தது, அதன்பின் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் பாடம் அரைவழியிலே அறுந்துபோவதாயிற்று.

இணையத்தை இணைத்தவுடன் கணினி நிற்கிறது, இணைப்பை அகற்றினால் ஓடுகிறது என்று காணும் வீட்டார், மோடமே குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிடுகின்றனர். சில வேளைகளிலே அத்தீர்ப்புச் சரியானதே. வேறு பல வேளைகளிலே, பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்றவாறு, குற்றமற்ற பெட்டி குப்பைக்குப் போகிறது. கணினியோ முன்போலவே நிற்கிறது. உண்மையான காரணத்தைப் பிரித்தறியப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. பொறுமையும், நிகழ்ந்தவற்றை நேரத்தோடு எழுதிவைக்க ஓர் அப்பியாசக் கொப்பியும் போதும்.

முதலிலே, கணினி மெய்யாகவே நின்றுவிட்டதா என்பதை அறிதல் வேண்டும். விசைப்பலகையிலே கப்ஸ் லொக் என்னும் விசையை அழுத்தினால் ஒரு சிறு விளக்கு எரியும். மீண்டும் அழுத்தினால் அணையும். திரை அசையாதிருக்கும் போதும் அவ்விளக்கு எரிந்து அணையுமாயின், கணினியின் உள்ளுயிர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏதோவொரு செயலி மட்டுமே காத்துக்கிடக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளக்கும் அசையாது, திரையின் மூலையிலுள்ள கடிகாரமும் நகராது நின்றால், அதுவே முழு முடக்கம். இவ்விரண்டும் இருவேறு நோய்கள். அவற்றுக்கு ஒரே மருந்தைக் கொடுப்பதனாலேதான் வீண் செலவு உண்டாகிறது.

மோடம் என்னும் சொல், அலையிலே செய்தியை ஏற்றுவது, அலையிலிருந்து செய்தியை இறக்குவது என்னும் இரு பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைகளை ஒட்டி உண்டாக்கப்பட்டது. தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3400 வரையான அதிர்வெண்களை மாத்திரமே அது கடத்தியது. கணினியின் இலக்கங்களை அக்குரல் எல்லைக்குள் ஓசையாக்கி அனுப்புவதே பழைய மோடத்தின் வேலை. 1962ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடம் ஒரு விநாடிக்கு 300 துணுக்குகளை அனுப்பிற்று. 1998இல் வந்த வீ.90 நியமம் அதனை 56,000 வரை உயர்த்தியது.

கணினிக்கு வெளியே நின்று ஓசை எழுப்பும் ஒரு கருவி, உள்ளே ஓடும் இயந்திரத்தை எவ்வாறு நிறுத்த இயலும்? இதற்கு விடை காண, கணினியின் மூளையாகிய செயலி எவ்வாறு பல கருவிகளுக்குச் செவி கொடுக்கிறது என்பதை அறிதல் வேண்டும். பெரிய வீட்டிலே ஒரேயொரு பணியாள் சமையலறையிலே வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்க. ஒவ்வோர் அறையிலும் ஒரு மணி உண்டு. மணி ஒலித்தால் அவன் கைவேலையை வைத்துவிட்டு அவ்வறைக்கு ஓடி, கேட்டதைச் செய்து, மீண்டும் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். விசைப்பலகை, சுட்டி, மோடம் ஆகியன இவ்வாறு மணியடித்தே செயலியை அழைக்கின்றன. இவ்வழைப்புக்குக் குறுக்கீடு என்று பெயர்.

1981ஆம் ஆண்டிலே ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணினியிலே இத்தகைய மணிகள் எட்டே இருந்தன. 1984இல் வந்த ஏ.டி. கணினியிலே அவை பதினாறாயின. முதலாம் தொடர்வாயிலும் மூன்றாம் தொடர்வாயிலும் வழக்கமாக நாலாம் இலக்க மணியையே பகிர்ந்தன. முதலாம் வாயிலிலே சுட்டியைப் பூட்டி, மூன்றாம் வாயிலாக மோடத்தை அமைத்தவர் வீட்டிலே என்ன நிகழ்ந்திருக்கும்? மணி ஒலித்தது எவ்வறையிலிருந்து என்று பணியாளுக்குத் தெரியாது. மோடம் தொலைபேசியை எடுத்த கணத்திலே சுட்டி உறைந்தது. சில வேளை கணினி முழுவதுமே உறைந்தது. இருகருவிகளும் பழுதற்றவை, அமைப்பே பழுது. மோடத்தின் அட்டையிலே ஒரு சிறு செருகியை இடம் மாற்றி, வேறொரு மணியைக் கொடுத்தவுடன் நோய் தீர்ந்தது. அதை அறியாது புதிய சுட்டியும் புதிய மோடமும் வாங்கியோர் அந்நாளிலே பலர்.

மணிகளின் இலக்கம் மட்டுமன்று, அவை ஒலிக்கும் வேகமும் தொல்லை தந்தது. பழைய 8250 என்னும் தொடர்ச் சில்லு ஓர் எழுத்தை மாத்திரமே ஏந்தும். அடுத்த எழுத்து வருமுன் செயலி வந்து எடுத்துச் செல்லாவிடின் முன்னையது அழியும். விநாடிக்கு 1,15,200 துணுக்கு என்னும் வேகத்திலே ஏறத்தாழ 11,500 முறை மணி ஒலிக்கும். பணியாள் ஓடுவதிலேயே பொழுதைக் கழிப்பான்; சமையல் நடவாது. பின்வந்த 16550 என்னும் சில்லு பதினாறு எழுத்துக்களைச் சேர்த்துவைத்து அழைத்தது. அச்சிறு மாற்றமே பெரும் ஆறுதலாயிற்று.

1990களின் பிற்பகுதியிலே மலிவு கருதி வேறொரு வகை மோடம் பெருகிற்று. அலையை ஆக்கும் கணக்கையெல்லாம் தானே செய்யாது, கணினியின் செயலியின் தலையிலேயே அது சுமத்திவிடும். தன் வேலையைப் பிறர் செய்ய, பெயரை மட்டும் தான் வைத்துக்கொள்ளும் உத்தியோகத்தரைப் போன்றது. கணினி வேறொரு கடும் வேலையிலே ஈடுபட்டால் தொடர்பு அறும். தொடர்பு கடுமையானால் கணினி தளரும்.

இவையெல்லாம் கடந்த கதை என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது. யூ.எஸ்.பி. வாயிலிலே நேராகச் செருகும் டொங்கிள் என்னும் கையடக்க மோடம் இன்றும் நம் நாட்டிலே வழக்கில் உள்ளது. முழு முடக்கத்திற்குக் காரணமாகக்கூடிய மோடம் வகையும் பெரும்பாலும் இதுவே. இக்கருவியோடு சாதனச் செலுத்தி என்னும் ஒரு மென்பொருளும் கணினிக்குள் நுழைகிறது. ஏனைய மென்பொருள்கள் வாயிற்படியிலே நின்று வேலை கேட்பன. செலுத்தியோ பணிசெயல் முறைமையின் உள்ளறைவரை செல்லும் உரிமை பெற்றது. உள்ளறையிலே ஒருவன் தடுக்கி விழுந்தால் வீடே நிற்கும். விண்டோஸ் 7 காலத்துக்கென எழுதப்பட்ட செலுத்தியை வைத்துக்கொண்டு, புதிய முறைமையுள்ள கணினியிலே அதே டொங்கிளைச் செருகுவோர் வீட்டிலே இவ்விபத்து நிகழக்கூடும். பழைய செலுத்தியை முற்றாக நீக்கி, கணினியை மீள இயக்கி, தற்கால முறைமைக்குரியதை நிறுவுதலே இதற்குப் பரிகாரம். அத்தகைய செலுத்தி வெளியிடப்படாதிருப்பின், அந்த டொங்கிளுக்கு ஓய்வு கொடுத்தலே நன்று.

மின் பசியும் கவனிக்கத்தக்கது. சாதாரண யூ.எஸ்.பி. 2 வாயில் 500 மில்லி அம்பியர் மின்னோட்டத்தை மட்டுமே வழங்கக் கடமைப்பட்டது. அலை வலுவாயுள்ள நகரிலே டொங்கிள் மெல்லப் பேசும். கோபுரத்துக்குத் தொலைவான கிராமத்திலே உரத்துப் பேச வேண்டியிருப்பதால் அதிக மின்னை உறிஞ்சும். அதே வாயிலிலிருந்து பிரித்த கிளைப்பெட்டியிலே சுட்டியும் விசைப்பலகையும் தொங்குமாயின் மூன்றும் ஒருங்கே தள்ளாடும். பார்ப்போருக்குக் கணினி உறைந்ததாகத் தோன்றும். டொங்கிளைக் கிளைப்பெட்டியிலிருந்து எடுத்து, மேசைக் கணினியாயின் அதன் பின்புறத்து வாயிலிலே நேராகச் செருகிப் பார்த்தலுக்கு ஒரு சதமும் செலவில்லை.

வடத்தாலோ வைபை அலையாலோ இணையும் ரவுட்டர் பெட்டியின் நிலை வேறு. அது தனக்கென ஒரு செயலியும் நினைவகமும் உடைய தனிக் கணினி. கணினிக்குச் செய்திப் பொதிகளை அனுப்புமேயன்றி உள்ளறைக்குள் அது நுழைவதில்லை. எனவே ரவுட்டரை இணைத்ததும் கணினி முழுவதாய் முடங்குமாயின், ஐயம் விழ வேண்டிய இடம் கணினியின் வலைய வாயிலும் அதன் செலுத்தியுமே. இதைத் தீர்மானிக்க எளிய வழி உண்டு. வடத்தைக் கழற்றி, அதே ரவுட்டரோடு வைபை மூலம் ஒரு நாள் வேலை செய்து பார்க்க. முடக்கம் நீங்கினால் வடமோ வாயிலோ வாயிலின் செலுத்தியோ குற்றமுடையது. நீங்காவிடின், ரவுட்டரை அணைத்துவிட்டுக் கைத்தொலைபேசியின் இணைப்பைப் பகிர்ந்து மற்றொரு நாள் பார்க்க. அப்போதும் கணினி நிற்குமாயின் ரவுட்டர் குற்றமற்றதென்பது ஏறக்குறைய உறுதி. ஒரு வேளையிலே ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். வடம், செலுத்தி, வாயில் மூன்றையும் ஒரே மாலையிலே மாற்றியவருக்கு நோய் தீர்ந்தாலும் காரணம் தெரியாது.

அவ்வாறாயின் இணைத்தவுடன் ஏன் நிற்கிறது? நேயர்கள் பலர் எதிர்பாராத விடை ஒன்று உண்டு. இணையம் கிடைத்த கணத்திலே கணினிக்குள் உறங்கிய பல செயலிகள் ஒருங்கே விழிக்கின்றன. முறைமையின் இற்றைப்படுத்தல், நச்சுநிரல் காவலன், கோப்புக்களை மேகத்துக்கு ஏற்றும் செயலி யாவும் வன்தட்டிலே ஏககாலத்திலே வேலை கேட்கும். நான்கு கிகாபைற் நினைவகமும் சுழலும் பழைய வன்தட்டும் உள்ள கணினி மூச்சுத் திணறும். வன்தட்டின் விளக்கு ஓயாது எரிதலும், அரைமணி நேரத்துக்குள் தானாகவே தெளிதலும் இதன் அடையாளங்கள். டாஸ்க் மனேஜர் என்னும் பட்டியலிலே வன்தட்டின் பயன்பாடு நூறு விழுக்காட்டைத் தொட்டு நிற்கும். இது மோடத்தின் பிழையன்று. பாடவேளைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கணினியை இணைத்து, அவ்வேலைகளை முடிக்க விடுதல் நன்று. இயலுமாயின் சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சுழலாத் திண்மத் தட்டு ஒன்றை இடுதல், புதிய மோடம் எதனையும்விடப் பயன் தரும்.

காத்திருத்தலாலே உண்டாகும் போலி முடக்கமும் உண்டு. ரவுட்டரோடு பகிர்வுத் தட்டு ஒன்றை இணைத்து, அதனைக் கணினியிலே தனியெழுத்தால் குறித்துவைத்திருக்கும் வீட்டிலே, ரவுட்டர் ஒரு கணம் நின்றால் கோப்புச் சாளரமும் வாயடைத்து நிற்கும். பழைய விண்டோஸ் முறைமை, விடை தராத முகவரி ஒன்றை மூன்று தடவை தட்டிப் பார்த்து, ஏறத்தாழ 21 விநாடிகளின் பின்னரே கைவிடும். பொறுமையிழந்தவர் அதற்குள் மின்னாளியை அணைத்துவிடுவார். எழுதிய கட்டுரை போய்விடும். இந்நிலையை அறிய பிங் என்னும் கட்டளை உதவும். ரவுட்டரின் முகவரிக்கு, பல வீடுகளிலே அது 192.168.1.1 ஆகும், அக்கட்டளையை ஓடவிட்டால் வரிவரியாக விடை வரும். ரவுட்டர் விடை தந்து வெளியுலகு விடை தராவிடின் கோளாறு சேவை வழியிலே. ரவுட்டரே மௌனித்தால் கோளாறு வீட்டுக்குள்ளே.

இவற்றுள் ஒன்றையும் பாராது, கணினியைக் கடைக்குக் கொண்டுசென்றவுடன் யாவற்றையும் அழித்து முறைமையை மீள நிறுவுதலே முதல் வைத்தியம் என்று கூறுவோரும் உளர். அது தலைவலிக்குத் தலையை மாற்றுவதற்கு ஒப்பானது. பிள்ளையின் குறிப்புக்களும், ஆசிரியரின் புள்ளிப் பட்டியல்களும், குடும்பத்தின் நிழற்படங்களும் அவ்வைத்தியத்திலே மறையக்கூடும். எக்கடைக்குச் செல்லுமுன்னும் அவற்றை வேறொரு தட்டிலே பிரதி செய்தல் இன்றியமையாதது.

ரவுட்டரே மெய்யாகக் குற்றவாளியாயிருக்கும் இடத்திலும், பெட்டியைக் குறை கூறுமுன் அதன் மின்மாற்றியை ஐயுறுதல் வேண்டும். சுவரிலே செருகும் அச்சிறு கருவி 230 வோல்ற்று மின்னை, பெரும்பாலும் 12 வோல்ற்றாகக் குறைத்துத் தருகிறது. அதனுள்ளே உள்ள மின்தேக்கிகள் வெப்பத்தாலே உலர்வன. வெப்பம் பத்துப் பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கணக்கு. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலே இந்நாட்டில் நாளொன்றுக்கு பதின்மூன்று மணி நேரம் வரை மின் துண்டிக்கப்பட்டது. மின் மீண்டும் வரும் வேளைகளிலே எழும் அதிர்ச்சி இத்தகைய கருவிகளுக்கு நல்லதன்று. தளர்ந்த மாற்றியினால் ரவுட்டர் சில நிமிடங்களுக்கு ஒரு முறை தானே அணைந்து எரியும். கணினி ஒவ்வொரு முறையும் இணைப்பைத் தேடித் தவிக்கும். அதே வோல்ற்றும், அதற்குக் குறையாத அம்பியரும், அதே முனைத் திசையும் உடைய மாற்றி ஒன்றை இட்டுப் பார்த்தல் புதிய ரவுட்டரைவிட மலிவு.

இடியும் மின்னலும் தரும் சேதம் தனியாகக் கூறத்தக்கது. மார்ச் நடுப்பகுதி முதல் ஏப்பிரல் வரையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளைகளிலே இடிமழை மிகுதி. கம்பித் தொலைபேசி வழியாக இணையம் பெறும் வீட்டிலே மின்னலின் அதிர்ச்சிக்கு மின்கம்பி ஒரு வழி, தொலைபேசிக் கம்பி மற்றொரு வழி. வலைய வாயில்களிலே உள்ள நுண்ணிய மின்மாற்றிகள் சாதாரண அதிர்ச்சியைத் தடுக்குமெனினும் மின்னலுக்கு ஈடுகொடா. முற்றாக எரிந்த வாயிலை உடனே கண்டறியலாம். அரைகுறையாகக் காயமுற்ற வாயிலோ சில நாள் ஓடி, சில நாள் கணினியைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடும். அத்தகைய வாயிலைக் கணினியின் அமைப்புப் பட்டியலிலே செயலிழக்கச் செய்து, மலிவான யூ.எஸ்.பி. வலைய இணைப்பியைப் பயன்படுத்தினால் தாய்ப்பலகையை மாற்றாமலே கணினி பல ஆண்டு உழைக்கக்கூடும். ஒளியிழை வழியாக இணையம் பெறுவோர் வீட்டிலே அவ்விழை மின்னைக் கடத்தாது; ஆயினும் பெட்டியின் மின்செருகியும், பெட்டியிலிருந்து கணினிக்குச் செல்லும் செப்பு வடமும் எஞ்சியுள்ளன. இடி கேட்குமுன், வானம் கறுக்கும்போதே அவ்விரண்டையும் கழற்றிவைத்தல் வேண்டும். தொலைபேசிக் கம்பி உள்ள வீட்டிலே அதனையும் சேர்த்தே கழற்றுதல் வேண்டும். சுவரிலுள்ள ஆளியை அணைப்பது மட்டும் போதாது.