செல்லக் கரப்பான் மேல ஊரும் உண்ணி: எதிரியா, கூட்டாளியா?

நாய், பூனை தாண்டி, 'ஹிஸ்ஸ்' என்று சீறும் மடகாஸ்கர் கரப்பானை வளர்ப்பவர்களும் உண்டு. உழவர்கரை மாதிரி கடல் காற்றுப் புழுக்கம் உள்ள ஊரில், ஐப்பசி மழை நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் பொடிப்பொடியாக ஏதோ ஊர்ந்தால், முதலில் கை போவது பூச்சி ஸ்ப்ரேக்குத்தான். அடித்தால் உண்ணியோடு செல்லமும் காலி!

ஊர்வது யார்?

கரப்பானின் மேலேயே, குறிப்பாகக் கால் இடுக்குகளில் ஓடினால் அது அதன் நிரந்தரக் குடித்தனக்காரர். இந்த வகை உண்ணி சீறும் கரப்பானை நம்பியே வாழ்கிறது. ரத்தம் குடிப்பதில்லை, ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்குதான் சாப்பாடு. மனிதர் மேல் குடியேறாது.

சாப்பாட்டுத் தட்டு, பெட்டிச் சுவர் என வெள்ளைத் தூள் போல மொய்த்தால் அது தானிய உண்ணி. ஈரமும் மிச்ச சாப்பாடும் சேர்ந்தால் பெருகும்.

கூட்டாளி எப்படி?

சீறும் கரப்பானின் உடலில் பூஞ்சை இருக்கும். சிலருக்கு அதனால் அலர்ஜி வரலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் விட்டன்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரப்பான் மேல் வாழும் உண்ணி அந்தப் பூஞ்சையைக் குறைப்பதைக் கண்டறிந்தனர். அதாவது, அது சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர். எண்ணிக்கை அளவோடு இருந்தால் விட்டுவிடலாம்.

ரொம்பப் பெருகிட்டா?

* மிச்ச காய், பழத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள்.
* ஈரமான தேங்காய் நார்த்தூள், முட்டை அட்டையை மாற்றுங்கள். காற்றோட்டம் முக்கியம்.
* கரப்பானை டப்பாவில் கொஞ்சம் கோதுமை மாவோடு போட்டு மெதுவாக உருட்டுங்கள். உண்ணிகள் மாவோடு உதிரும். பிறகு கரப்பானை வெதுவெதுப்பான நீரில் அலசி, சுத்தமான பெட்டிக்கு மாற்றுங்கள்.
* சில நாள் கழித்து மறுபடி செய்யுங்கள். முட்டையிலிருந்து புதுசு வந்திருக்கும்.

உண்ணிக் காய்ச்சல் வருமா?

இதுதான் பலருக்கும் வரும் பயம். 'ஸ்க்ரப் டைபஸ்' எனும் உண்ணிக் காய்ச்சல் புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1975-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், இங்குள்ள எலி, மூஞ்சூறுகளில் அதைப் பரப்பும் உண்ணிகளை ஆய்வு செய்துள்ளது. ஆனால் அது வேறு இனம்; புதரிலும் புல்லிலும் இருக்கும் அதன் குஞ்சுப் பருவம் கடித்தால்தான் நோய். கரப்பான் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காய்ச்சலோடு உடலில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் புண் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். சரியான ஆன்டிபயாட்டிக் நேரத்தில் கிடைத்தால் குணமாகும். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கரப்பானைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது மாஸ்க் போடுவது நல்லது. கவனிக்க வேண்டியது உண்ணியைவிட, பெட்டிக்குள் தேங்கும் ஈரத்தைத்தான்.