பிளாட்பாரத்தில் குப்பை பொறுக்கிய சிறுவன்... கேமரா காட்டிய புது வழி!

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி... ஐந்து திசை ரயில் பாதைகளும் சேரும் இடம் விழுப்புரம் ஜங்ஷன். பக்கத்தில் திண்டிவனத்திலோ சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை சாலைகள் சந்திக்கின்றன. வீட்டைவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் வந்து இறங்குவது இப்படிப்பட்ட ஊர்களில்தான்.

அப்படி வரும் பிள்ளைக்குச் சோறும் படுக்க இடமும் கொடுக்கலாம். மனசுக்குள் உறைந்து கிடக்கும் பயத்துக்கு என்ன மருந்து? ஒரு பதில், டெல்லி ரயில் நிலையத்தில் வளர்ந்த சிறுவனின் கதையில் இருக்கிறது.

விக்கி ராய், மேற்கு வங்கத்தின் புருலியாவில் பிறந்தவர். 11 வயதில் வீட்டைவிட்டு ஓடி, புது டெல்லி ரயில் நிலையத்தில் குப்பை பொறுக்கினார். பிறகு, ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். 'சலாம் பாலக் டிரஸ்ட்' இல்லத்தில் சேர்ந்த பிறகுதான் பள்ளிக்கூடம் போனார். கேமராவும் கைக்கு வந்தது. புகைப்படக் கலைஞர் அனய் மானிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார்.

2007-ல் அவருடைய முதல் தனிக் கண்காட்சி, 'ஸ்ட்ரீட் ட்ரீம்ஸ்'. அதில் இருந்தது யார் தெரியுமா? அவரைப் போலவே தெருவில் வளர்ந்த பிள்ளைகள்! 2009-ல் நியூயார்க் சென்று, உலக வர்த்தக மையம் மீண்டும் எழுவதைப் படம் பிடித்தார்.

அந்த டிரஸ்ட் பிறந்ததே ஒரு சினிமாவால்தான். மீரா நாயர் இயக்கிய 'சலாம் பாம்பே' 1988-ல் வெளியானது. நடிப்புப் பயிற்சி கொடுத்து, தெருவோரப் பிள்ளைகளையே அதில் நடிக்க வைத்திருந்தார். அந்தப் படத்தைத் தொடர்ந்து, அதே ஆண்டில் டிரஸ்ட் தொடங்கப்பட்டது.

ஆனால், படத்தின் நாயகனான சிறுவன் ஷஃபீக் சையதுக்கு நடந்தது வேறு. சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அடுத்தடுத்த வாய்ப்புகள் கிடைக்கவில்லை. பின்னாளில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார்.

இருவருக்கும் கலை கிடைத்தது. விக்கிக்கு அதோடு தங்க ஓர் இல்லம், படிக்கப் பள்ளி, தொழில் சொல்லித்தர ஒருவர் என எல்லாம் வருடக்கணக்கில் கூடவே இருந்தன.

"என்ன நடந்துச்சு?" என்று துருவினால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. கையில் கிரேயானோ பறையோ கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மனம் இளகும். அதற்கு, வருடத்துக்கு ஒரு ஓவியப் போட்டி போதாது. வாராவாரம் தவறாமல் வரும் ஓர் ஆசிரியர் வேண்டும்.

ஜங்ஷனிலோ பேருந்து நிலையத்திலோ தனியாகத் தவிக்கும் பிள்ளையைப் பார்த்தால் 1098-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம். மற்றதெல்லாம் அதன் பிறகுதான்.