கேட்காமலே எடுக்கப்படும் நகல்

ஆரணியில் பட்டு நூலும் ஜரிகையும் விற்கிற ஒருவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். அடிபட்டவன் என்கிற தகுதிதான்.

சென்ற ஆடி மாதம் கடையில் கூட்டம் இல்லாத ஒரு பிற்பகலில் எக்செல்லில் ஒரு பட்டியல் போட உட்கார்ந்தேன். எந்த வாடிக்கையாளருக்கு ஒரு மார்க் ஜரிகை என்ன விலைக்குப் போகிறது, யாருக்கு எத்தனை நாள் தவணை, யார் பாக்கியை இழுக்கிறார் என்கிற விவரம். என் பார்வைக்கு மட்டுமானது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், மின்சாரம் போயிற்று. யு.பி.எஸ். பேட்டரியும் கைவிட்டது. நான் ‘சேவ்’ செய்திருக்கவில்லை. உழைப்பு போனதே என்ற வருத்தம் ஒருபுறம். எழுதியது எழுதியபடி யார் கையிலும் சிக்காமல் போயிற்று என்ற நிம்மதி ஒருபுறம்.

மறுநாள் நான் வங்கிக்குப் போயிருந்த நேரம். இருபது ஆண்டாக நம்மிடம் சரக்கு எடுக்கும் பெரியவர் ஒருவர் வந்திருக்கிறார். விலை போட்டுக் காட்ட, கடைப் பையன் எக்செல்லைத் திறந்திருக்கிறான். மீட்கப்பட்ட பைல் ஒன்று இருக்கிறது என்று திரையின் ஓரத்தில் காட்டியிருக்கிறது. அவனும் ஏதோ என்று அதைத் தட்ட, முதல் நாள் ‘போய்விட்ட’ பட்டியல் திரை முழுக்க விரிந்திருக்கிறது. வாடிக்கையாளரும் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று திரையை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பது எங்கள் கடை வழக்கம். பெரியவர் தம் பெயரையும் படித்தார். அதே தெருவில் தறி வைத்திருக்கும் இன்னொருவருக்கு மார்க்குக்கு 40 ரூபாய் குறைவாகப் போட்டிருப்பதையும் படித்தார்.

அந்த இன்னொருவர் ரொக்கம். பெரியவருக்கு 45 நாள் தவணை. நியாயம் என்னிடம் இருந்தது. ஆனால் நான் திரும்பி வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, உங்கப்பா இருந்தா இப்படிப் போட்டிருப்பாரா?” இன்று அவர் பாதிச் சரக்கை வேறு கடையில் எடுக்கிறார்.

மளிகை மொத்த வியாபாரம் செய்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. களம்பூர் பொன்னி அரிசி மூட்டை எந்தச் சில்லறைக் கடைக்கு என்ன விலைக்கு இறங்குகிறது என்பது அடுத்த கடைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நடந்தது என்ன? எக்செல்லைச் சொல்லிக் குற்றமில்லை. மின்வெட்டில் நம் உழைப்பு வீணாகக் கூடாது என்று, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது தானாகவே ஒரு நகலை டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. ‘சேவ்’ வேண்டாம் என்று சொல்லி மூடிவிட்டாலும் அந்த நகலை நான்கு நாள் வரை வைத்திருக்கும். நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடுதான், நமக்குத்தான் தெரியாது.

நம் முன்னோர் கடையில் சிலேட்டும் இருந்தது, பேரேடும் இருந்தது. வாய்விலை, பேரம், அன்றைய மனக்கணக்கு எல்லாம் சிலேட்டில். மாலையில் ஈரத் துணியால் துடைத்தால் போயிற்று. பேரேட்டில் ஏறியது மட்டும் நின்றது. கம்ப்யூட்டரிலும் இப்படி இரண்டு உண்டு. ‘ரேம்’ என்பது சிலேட்டு. மின்சாரம் போனால் அழியும். ஹார்டு டிஸ்க் என்பது பேரேடு. சிலேட்டில் எழுதுகிறோம் என்று நாம் நினைத்திருக்க, கம்ப்யூட்டர் பின்னால் உட்கார்ந்து பேரேட்டிலும் எழுதிக்கொண்டிருக்கிறது. இவற்றுக்குத் தற்காலிக பைல்கள் என்று பெயர்.

எங்கெங்கே இவை உண்டாகின்றன என்று பாருங்கள். மெயிலில் வந்த பில்லை அங்கேயே திறந்து பார்த்தாலும் ‘டெம்ப்’ என்ற போல்டரில் ஒரு பிரதி விழுவது வழக்கம். பிரிண்ட் கொடுத்தால், அச்சாகும் பக்கம் முதலில் டிஸ்க்கில் எழுதப்பட்டுத்தான் பிரிண்டருக்குப் போகிறது. அச்சானதும் நீக்கப்படும், ஆனால் ‘அச்சானவற்றை வைத்திரு’ என்ற கட்டத்தில் யாராவது டிக் போட்டிருந்தால் எல்லாம் தங்கிக்கொண்டே இருக்கும். ரேம் போதாதபோது விண்டோஸ் அதில் உள்ளதையே டிஸ்க்கில் ‘பேஜ் பைல்’ என்ற ஒன்றில் கொட்டி வைக்கிறது. ஷட்டவுன் செய்யாமல் ‘ஹைபர்னேட்’ செய்தால் ரேமில் இருந்தது டிஸ்க்குக்குப் போய்விடுகிறது; திரையில் நீங்கள் திறந்து வைத்திருந்த பாக்கிப் பட்டியலும் அதில் அடக்கம். டேலியில் ‘டேலிவால்ட்’ பூட்டுப் போட்டு வைத்திருக்கும் கவனமான நண்பர்களும் ஆடிட்டருக்கு அனுப்ப ஒரு பி.டி.எப். எடுத்துப் பூட்டில்லாத போல்டரில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதிய காலம் நினைவிருக்கும். பில்லைக் கிழித்துக் கொடுத்துவிடுவோம், கார்பனைக் குப்பையில் போடுவோம். அந்தக் கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். அதே சங்கதிதான் இது.

“அழித்துவிட்டால் போகிறது” என்பார்கள். அழிப்பது அவ்வளவு எளிதாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம். ‘டெலீட்’ கொடுத்தால் பொருளடக்கத்தில் உள்ள வரியைத்தான் கம்ப்யூட்டர் அடிக்கிறது. உள்ளே பக்கம் அப்படியே இருக்கிறது, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களாக இருந்த சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர் 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏ.டி.எம். இயந்திரம் ஒன்றிலிருந்து வந்திருந்தது, வாடிக்கையாளர்களின் கணக்கு விவரங்களோடு!

இன்று பல கடைகளில் ஹார்டு டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. அதில் சிக்கல் இன்னும் அதிகம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதித் தேய்ந்துவிடாமலிருக்க, அது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும். ஆகவே பழைய பைலின்மேல் வேறு எதையாவது எழுதி அழிக்கிறேன் என்றால், நாம் எழுதுவது ஒரு இடம், பழையது இருப்பது வேறு இடம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ ஆய்வாளர்கள் 2011-லேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள்: எஸ்.எஸ்.டி.யில் ஒரு தனி பைலை மட்டும் மீட்க முடியாதபடி அழிக்க அவர்கள் சோதித்த எந்த வழியும் நம்பத்தக்கதாக இல்லை.

எழுதியபின் துடைக்க முடியாதென்றால், எழுதவே விடக் கூடாது. அல்லது பூட்டிய எழுத்தில் எழுத வைக்க வேண்டும். பூட்டிய எழுத்தை முதலில் சொல்கிறேன், நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு ‘பிட்லாக்கர்’ உண்டு. ஹோம் வைத்திருப்பவர்கள், கருவி இடம் கொடுத்தால், ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ போட்டுக்கொள்ளலாம். இதைப் போட்டுவிட்டால் டெம்ப் போல்டர், பேஜ் பைல், ஹைபர்னேட், பிரிண்டருக்குப் போகிற பக்கம் என்று அந்த டிஸ்க்கில் விழுவதெல்லாம் பூட்டிய எழுத்திலேயே விழும். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனவனுக்கு வெறும் கிறுக்கல். எது எங்கே தங்கியிருக்கிறது என்று நாம் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. அதன் மீட்புச் சாவி என்று 48 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். அதைத் தாளில் அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். மதர்போர்டு மாற்றும் நாளில் அந்த எண் கேட்கும். இல்லையென்றால் நம் கணக்கு நமக்கே கிறுக்கல். இரண்டாவது, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவருக்கு இந்தப் பூட்டால் பயனில்லை. என் கடையில் நடந்ததை இது தடுத்திருக்காது. அதற்கு வேறு மருந்து: பில் போடுகிற பையனுக்குத் தனி யூசர், முதலாளிக்குத் தனி யூசர், முதலாளி யூசருக்குக் கடவுச்சொல். ஒருவருடைய தற்காலிக நகல் மற்றவருக்குத் தெரியாது. நான் இதைச் செய்ய ஆன நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை ஆடி மாதத்துக்கு முன் செலவழித்திருக்கலாம்.

எழுதவே விடாமல் செய்யும் வழிகளும் சில உண்டு. எக்செல்லில் பைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால், குறிப்பிட்ட ஒரு கணக்குக்கு மட்டும் தானியங்கி நகலை நிறுத்தும் கட்டம் இருக்கிறது. விலைப் பட்டியலுக்கு மட்டும் அதைப் போட்டிருக்கிறேன். மற்றவற்றுக்கு வேண்டாம், நம் ஊர் மின்வெட்டுக்கு அந்த நகல் உதவி செய்யத்தான் செய்கிறது. போட்டவர்கள் யு.பி.எஸ். பேட்டரியையும் மாற்றிக்கொள்ளுங்கள். பிரிண்டரின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில், டிஸ்க்கில் எழுதாமல் நேரே பிரிண்டருக்கு அனுப்பு என்ற தேர்வு இருக்கிறது. அச்சாகி முடியும் வரை கம்ப்யூட்டர் கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். ஹைபர்னேட்டை நிறுத்திவிடச் சொன்னால் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் ஒரு நிமிடத்தில் நிறுத்திக் கொடுப்பான். டிஸ்க்கில் இடமும் மிச்சம். லினக்ஸ் பயன்படுத்தும் நண்பர்கள் ஒரு படி மேல். அதன் பல வகைகளில் தற்காலிக போல்டரே ரேமில்தான், அதாவது சிலேட்டில்தான் இருக்கிறது. 2025-ல் வந்த டெபியன் 13-ம் அப்படியே.

வாட்ஸ்அப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆரணியில் டிசைன் போவதும் வருவதும் இப்போது அதில்தான். ஒரு சேலை டிசைனை வரைந்து, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஜக்கார்டு அட்டையில் துளையிடுவதற்கு எவ்வளவு செலவு என்று தறி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் படத்தை “எப்படி இருக்கு பாருங்க” என்று குழுவில் போட்டால், தானாக இறக்கும் வசதி இருக்கிற ஒவ்வொரு போனிலும் அது தங்கிவிடுகிறது. டிசைன் வெளியே போனபின் யாரைக் குறை சொல்வது? ஒரு முறை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் வசதி 2021 முதல் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அது பெறுபவரின் போனில் படமாகத் தங்குவதில்லை. காசோலைப் படம் அனுப்பும் மளிகைக்காரர்களுக்கும் இது பொருந்தும். அதற்காக முழுதும் நம்பிவிடாதீர்கள். இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்தால் யார் தடுப்பது?

இனி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு. இன்றைய பெரிய நகல் இயந்திரம் பலவற்றில் உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கிறது. நகல் எடுக்கும் தாளின் படம் முதலில் அதில் ஏறுகிறது. இதை ஊரறியச் செய்தது அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி, 2010-ல். பழைய நகல் இயந்திரங்கள் நான்கை நியூஜெர்சியில் ஒரு கிடங்கில் வாங்கி, டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பபலோ நகரக் காவல்துறையின் ஆவணங்கள், ஒரு கட்டட நிறுவனத்தின் சம்பளச் சீட்டுகள், காசோலை நகல்கள், ‘அபினிட்டி ஹெல்த் பிளான்’ என்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவக் குறிப்புகள் எல்லாம் வந்தன. அந்த நிறுவனம் வாடகைக்கு எடுத்த இயந்திரத்தைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததுதான் செய்த தவறு. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2013-ல் அது அரசுக்குக் கட்டிய தொகை 12 லட்சம் டாலருக்கும் மேல்.

நம் ஜெராக்ஸ் கடைகளிலும் வெளிநாட்டில் ஓடி ஓய்ந்து, இங்கே புதுப்பித்து விற்கப்படும் இயந்திரங்கள் உண்டு. வாங்கும்போது எத்தனை பிரதி ஓடியிருக்கிறது என்று கேட்கிறோம்; டிஸ்க் இருக்கிறதா, ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதன்மேல் எழுதி அழிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்பதில்லை. பல கம்பெனிகள் அந்த வசதியைக் கொடுக்கின்றன, ஆனால் யாராவது அதை ஆன் செய்ய வேண்டும். கடன் மனுவோடு வரும் நெசவாளியின் ஆதார், பான், பாஸ்புத்தகம் எல்லாம் அந்தக் கண்ணாடியின்மேல்தான் வைக்கப்படுகின்றன.

ஆதாரைப் பற்றி ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் 27.5.2022 அன்று ஓர் அறிவிப்பு விட்டது. பொது கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் எல்லாப் பிரதியையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. தவறாகப் பொருள் கொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனாலும் அந்த யோசனை சரியானதே. வாடிக்கையாளர் இறக்கச் சொன்னால், பிரவுசரில் ‘கெஸ்ட்’ ஜன்னலில் திறந்து, முதல் எட்டு எண் மறைந்த ஆதாரை எடுத்துக் கொடுங்கள். ஆனால் கெஸ்ட் ஜன்னலை மூடினாலும் ‘டவுன்லோட்ஸ்’ போல்டரில் இறங்கிய பைல் போகாது. அதை அவர் கண்முன்னே நீக்க வேண்டும், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்தான்.

மத்திய அரசின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டத்தில் உள்ள உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். அந்தத் தொகை நம் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல என்றே நினைக்கிறேன். என்றாலும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கப் போகிறவர்கள் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சில நூறு ரூபாய் குறைப்பார், குறைக்கட்டும். என் பழைய கம்ப்யூட்டர் இரண்டும் பரணில் கிடக்கின்றன. அவற்றில் பிட்லாக்கர் போட்டதில்லை. அப்பா காலத்து விலைகூட அதில் எங்கேயாவது இருக்கும். வருகிற ஞாயிறு இறக்கி, டிஸ்க்கைக் கழற்றப் போகிறேன்.